ஆங்கில அசையழுத்தமும் தமிழ் மாத்திரையும்



பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை வாழும் நம் பெற்றோர் சிலரிடம் ஓர் அச்சம் நிலவுகிறது. தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சு வாராது என்பதே அது. எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்விலும், பல்கலைக்கழக நுழைவுக்குரிய மூயெட் தேர்விலும் பேச்சுத்திறன் தனித்தாளாக மதிப்பிடப்படுவதால் அவ்வச்சம் மேலும் வலுப்பெறுகிறது. தமிழறிவு ஆங்கில ஒலிப்புக்குத் தடையா, துணையா என்பதே இன்று நாம் ஆராயும் வினா.

முதலில் இரு மொழிகளின் வேறுபாட்டை அறிவோம். தமிழில் பொருளை வேறுபடுத்துவது மாத்திரை. ‘படி’ என்பதன் முதலுயிரை நீட்டினால் ‘பாடி’ எனப் பொருள் மாறும். ஆனால் ‘படி’ என்பதில் எவ்வசையை ஓங்கி ஒலித்தாலும் அது ‘படி’யே.

ஆங்கிலத்திலோ அழுத்தம் சொல்லோடு பிறந்தது. இங்கு அசை என்பது யாப்பின் நேரசை நிரையசை அன்று. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூறு. ‘ரெக்கார்ட்’ என்னும் சொல்லில் முதலசை அழுந்தினால் பதிவு என்னும் பெயர். இரண்டாமசை அழுந்தினால் பதிவுசெய் என்னும் வினை. ‘போட்டோகிராப்’ என்பதில் முதலசையும், ‘போட்டோகிராபர்’ என்பதில் இரண்டாமசையும், ‘போட்டோகிராபிக்’ என்பதில் மூன்றாமசையும் அழுந்தும். நாம் முதலில் அழுத்திச் சொல்லும் ‘ஹோட்டல்’ ஆங்கிலத்தில் ஈற்றசையில் அழுந்துவது.

அழுந்தாத அசையில் உயிர் குறுகி, வாய் மிகத் திறவாத நடுவொலியாகிவிடும். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் உயிரொலி இதுவே. ‘பனானா’ என்னும் சொல்லை நோக்குவோம். ஒரே உயிரெழுத்து மும்முறை வருகிறது. நடுவில் மட்டுமே நிறைவாக ஒலிக்கிறது. முதலும் ஈறும் குறுகுகின்றன. நம் மாணவரோ மூன்றையும் ஒத்த அளவில் ஒலிக்கின்றனர். எழுதியதை எழுதியவாறே ஒலிப்பது தமிழ் தந்த நல்வழக்கம். எனினும் ஆங்கிலத்தில் எல்லா அசையும் ஓங்கினால், எது சொல்லின் முதன்மை அசை என்று கேட்போர் தடுமாறுவர்.

உயிர் குறுகுதல் நமக்குப் புதிதா? அன்று. ‘பசு’ என்பதன் ஈற்றுகரம் ஒரு மாத்திரை. ‘காசு’ என்பதன் ஈற்றுகரம் அரை மாத்திரை. அதனையே குற்றியலுகரம் என்று தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. பேச்சில் அவ்வுகரம் இதழ் குவியாமலே ஒலிக்கிறது. மலேசிய மாணவருக்கு இன்னொரு துணையும் உண்டு. மலாய்மொழியின் ‘எ பெப்பெட்’ ஏறத்தாழ இந்நடுவொலியே. போரைக் குறிக்கும் ‘பெராங்’, பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ‘பெராங்’ ஆகிய இரண்டும் எழுத்தில் ஒன்றே. முதலுயிரின் ஒலிப்பால் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் நாள்தோறும் பிழையின்றி ஒலிக்கின்றனர்.

ஆகவே வகுப்பறையில் மூன்று செயல்கள் போதும். ஒன்று, அகராதியில் அசைக்கு முன் மேலே நிற்கும் சிறு கோட்டைக் கண்டு அழுந்தும் அசையை அறிதல். இரண்டு, அவ்வசையைச் சற்றே நீட்டி ஓங்கி ஒலித்தல். மூன்று, ஏனைய அசைகளைக் குற்றியலுகரம் போலக் குறுக்குதல். ‘எடுகேஷன்’, ‘இன்பர்மேஷன்’ போல ‘ஷன்’ என முடியும் சொற்களில் அதற்கு முன்னுள்ள அசையே அழுந்தும் என்பது போன்ற விதிகளையும் உடன் கற்பிக்கலாம்.

இலண்டனார் போலப் பேசுதல் நம் நோக்கமன்று. கேட்போர்க்குப் பொருள் தெளிவாகப் புலப்பட்டால் போதும். மாத்திரை அறிந்த செவி அழுத்தத்தையும் அறியும். தமிழிலக்கணத்தைச் செவ்வனே கற்ற மாணவர் ஆங்கில ஒலிப்பைக் கற்கப் பாதி வழி வந்துவிட்டவரே. இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது நம் கடமை.