உயர்தலும் உயர்த்துதலும்



நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பங்களைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவருவதுண்டு. அவற்றில் ஓயாது இடறச் செய்யும் வினைகள் இரண்டு: ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இதில் அச்சம் வேண்டா. ரைஸ் என்பது உயர்தல், எழுதல், செயப்படுபொருளை வேண்டாதது. ஞாயிறு எழுவதற்கும், ஆற்றில் நீர் உயர்வதற்கும், அவையோர் எழுந்து நிற்பதற்கும் அதுவே சொல். இறந்தகாலத்தில் ‘ரோஸ்’ என்றும், ‘ஹேவ்’ என்னும் துணைவினையோடு சேருங்கால் ‘ரிஸன்’ என்றும் உருத்திரியும். ரெய்ஸ் என்பது உயர்த்துதல், எழுப்புதல்; செயப்படுபொருளை வேண்டி நிற்பது. கையை உயர்த்துதல், கேள்வியை எழுப்புதல், நிதியைத் திரட்டுதல், பிள்ளைகளை வளர்த்தல் யாவும் அதனுள் அடங்கும். இது பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொல். ஈரிடத்தும் ‘ரெய்ஸ்ட்’ என்றே நிற்பதால் மனப்பாடத்துக்கு எளிது.

கருத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஐ’ உருபு வந்தால் ரெய்ஸ். உருபு மறைந்திருந்தால் விரித்துப் பாருங்கள். ஊதிய உயர்வைப் பிரிட்டனில் ரைஸ் என்பர், அமெரிக்காவில் ரெய்ஸ் என்பர். அது பெயர்ச்சொல், அங்கே இவ்விதி செல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் மனு ஒன்றைக் கொண்டுவந்தார். மழைநீர் தேங்கும் தம் தெருவை மேடாக்கித் தரவேண்டும் என்பது கோரிக்கை. ரைஸ் என்னும் சொல்லை இட்டு, தெரு தானே உயரவேண்டும் என்று பொருள்பட எழுதியிருந்தார். தெருவில் நீர் ‘ரோஸ்’ என்றும் எழுதியிருந்தார். அது பிழையன்று. ஆயினும், முன்பெல்லாம் நீர் வந்ததா என வினவினேன்.

“இல்லை ஐயா. பக்கத்துச் சாலையைப் புதிதாகப் போட்டபோது உயர்த்திவிட்டார்கள். அதன் பிறகே நீர் உள்ளே வருகிறது” என்றார்.

மனுவில் அச்செய்தியே இல்லை! சாலை ‘ரோஸ்’ என்று எழுதினால், உயர்த்தியவர் யார் என்னும் வினாவுக்கே இடமில்லை. ‘வாஸ் ரெய்ஸ்ட்’ எனச் செயப்பாட்டு வினையில் எழுதினால், பெயர் சொல்லாவிடினும் உயர்த்தியவர் ஒருவர் உண்டு என்பது நிற்கும். உயர்த்திய துறையை எழுவாயாக்கி முன்னே வைத்தால் ஐயத்துக்கே இடமில்லை. மனு எழுதுவோர் இம்மூன்றையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும்.

அவர் என் மேசையருகிலேயே அமர்ந்து மனுவை மாற்றி எழுதினார். நீருக்கு ரோஸ், சாலைக்கும் தெருவுக்கும் ரெய்ஸ். இரண்டு ஆண்டுகள் கழித்தே தெரு உயர்த்தப்பட்டது.