பதினோரு படுக்கைகளும் இரண்டு கப்பல்களும்



இன்று பட்டம் வாங்குகிறவர்களில் பலர் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒரு குழுவை நடத்துவார்கள். சிலர் சொந்தத் தொழில் தொடங்குவார்கள். அவர்கள் முன்னால் வைத்துப் பேச, மதுரையில் தொடங்கிய ஒரு வேலையைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

1976இல் அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார் டாக்டர் ஜி. வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அவர். இளமையில் தாக்கிய முடக்குவாதம் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கருவிகளைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவை சிகிச்சை நிபுணரானார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஓய்வுபெற்ற கையோடு வீட்டை அடகு வைத்துப் பணம் திரட்டி, தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலிய உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு, 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் திறந்தார். அதுதான் அரவிந்த்.

தொடக்க காலத்தில் அந்தக் குழு ஊர் ஊராக முகாம் நடத்திக் கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்தது. மதுரைக்கு வந்தால் அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லி அனுப்பியது. பெரும்பாலானோர் வரவில்லை. இந்த இடத்தில் எந்த நிர்வாகிக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்: நாங்கள் இலவசமாகத்தான் தருகிறோம், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. அதை அறிக்கையில் எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரவிந்த் குழு வராதவர்களிடம் போய்க் காரணம் கேட்டது. பார்வை போனவர் தனியாகப் பேருந்து ஏற முடியாது. துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். இருவருக்கும் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, தங்க இடம் வேண்டும். கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம் வேறு. இத்தனையும் தெரிந்த பிறகு ஏற்பாடே மாறியது. முகாமிலிருந்தே நோயாளிகளை வண்டியில் அழைத்துவந்து, சோறு போட்டு, தங்கவைத்து, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விடுவது என்றானது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வந்ததால் பயமும் குறைந்தது.

மருத்துவமனையின் பொறுப்பு அறுவை அரங்கின் வாசலில் தொடங்குகிறது என்று கோடு போட்டிருந்தால் அதில் சட்டப்படி தவறில்லை. அந்தக் கோட்டை நோயாளியின் வீட்டுத் திண்ணைவரை தள்ளிவைத்தார்கள். தலைமையேற்கிறவர் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது இதுதான்: எதுவரை என் வேலை? வேறு யாரும் அவருக்காக இதைத் தீர்மானித்துத் தருவதில்லை.

கோட்டைத் தொலைவில் போட்ட இன்னொருவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே, மருதையாற்று வெள்ளம் அரித்த பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சரான சாஸ்திரி பதவி விலகினார். டெல்லியில் இருந்தவருக்கும் அந்தப் பாலத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. நேருவும் நாடாளுமன்றத்தில் அதைத்தான் சொன்னார்: விபத்துக்கு அவர் காரணம் என்பதால் அல்ல, நல்ல முன்னுதாரணமாக இருக்கும் என்பதால்தான் விலகலை ஏற்கிறேன் என்றார். அந்தச் செயல் இன்றும் மதிக்கப்படுகிறது, மதிக்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் தொழில் நடத்துகிறவருக்குப் பெரும்பாலும் விலகிப்போகும் வழி கிடையாது. நாற்காலியை விட்டு நகராமல், பழியையும் தாங்கிக்கொண்டு, பழுதானதைச் சரிசெய்ய வேண்டும்.

அந்த ரயில் போய்ச்சேர வேண்டியிருந்த தூத்துக்குடிக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் பின்னால் போனால், அங்கே வ.உ.சிதம்பரனார் கப்பல் கம்பெனி தொடங்கிக்கொண்டிருக்கிறார். 1906இல் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களை வைத்துத்தான் கொழும்புக்குப் போக்குவரத்து நடந்தது. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனி. அது கொடுத்த நெருக்கடியில் கப்பல் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். பங்கு வாங்கியவர்களுக்கும் பயணச்சீட்டு எடுத்தவர்களுக்கும் என்ன பதில் சொல்வது? கொழும்பிலிருந்து அவசரத்துக்கு ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார் வ.உ.சி. அதோடு நிற்காமல் பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடி வந்தன.

அடுத்தவர் கப்பலை நம்பி வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கின் கடிவாளம் அடுத்தவர் கையில் இருக்கிறது. வாடகைக் கப்பல் போன அன்றே வ.உ.சி. இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டார்.

அரவிந்துக்கும் இதே நெருக்கடி எண்பதுகளில் வந்தது. கண்புரையை நீக்கிய பின் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ் அப்போது பரவத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலை 100 டாலருக்கு மேல். பணம் கொடுக்க முடிந்தவருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஒரே கூரையின்கீழ் இரண்டு வகைப் பார்வை உண்டானது. நன்கொடையாக வரும் லென்ஸ்களைக் கொண்டு எத்தனை பேருக்குப் பொருத்த முடியும்? கொடுப்பவர் மனம் மாறினால் மறுநாள் என்ன செய்வது? நாமே செய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் பிறந்தது. லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரோலேப் தனியாக எதையும் சாதித்துவிடவில்லை. சேவா அறக்கட்டளை துணை நின்றது. தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. உதவி வேண்டாம் என்று முறுக்கிக்கொள்வதைத் தற்சார்பு என்று எண்ணும் இளம் தொழில்முனைவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதுரைக்காரர்கள் உதவியைத் தாராளமாகக் கேட்டார்கள். லென்ஸ் கேட்பதை விட்டு, லென்ஸ் செய்யும் வித்தையைக் கேட்டார்கள்.

வ.உ.சி.யின் கதை வேறு விதமாக முடிந்தது. எதிராளிக் கம்பெனி பயணக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை, 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. இதில் அவரைக் குறைசொல்ல ஒரு சொல்லும் இல்லை. ஓர் அரசாங்கமே எதிர்த்து நின்ற தொழில் அது. இருந்தாலும் அவர் சிறைக்குள் போனதும் சுமையைத் தூக்க வெளியே போதிய தோள்கள் இல்லை என்பது மனத்தை அறுக்கும் உண்மை.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். அரவிந்த் அதற்குப் பிறகும் வளர்ந்தது; புதிய ஊர்களில் மருத்துவமனைகளைத் திறந்தது. காரணம் அவர் உயிரோடு இருந்தபோதே செய்த ஏற்பாடு. பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கண் பரிசோதனையிலிருந்து அறுவைக்கு நோயாளியைத் தயார்செய்வதுவரை கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தலைமை மருத்துவரின் கைத்திறன் ஒருவரோடு முடிந்துவிடும். இந்த ஒழுங்கு முடியாது. போதாததற்கு, தங்கள் முறையை மற்ற மருத்துவமனைகளுக்கும் கற்றுத்தர லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள்.

பட்டம் பெறும் இளைஞர்கள் வேலைக்குப் போகும் இடங்களிலும் சப்ளையர் சரக்கை அனுப்பாமல் விடுவார். வெள்ளிக்கிழமை இரவு சர்வர் படுத்துவிடும். கூட இருப்பவர் திடீரென்று வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே, குழு கைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து, கொடுத்த வாக்குகள் யார் யாரை நம்பி நிற்கின்றன என்று எழுதிவிடுவது நல்லது. தான் இரண்டு வாரம் விடுப்பில் போனால் எந்தெந்த வேலை நின்றுபோகும் என்பதையும் அதற்குக் கீழே எழுதலாம். அந்த இரண்டாவது பட்டியலில் உள்ள வேலைகளைப் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கலாம்.