கையடக்க ஆட்டமும் களவுப் படியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்று அம்மரபினின்று சற்றே விலகி, நம் பிள்ளைகள் கையில் இருக்கும் விளையாட்டுக் கருவியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். 'இதில் பேச என்ன இருக்கிறது?' எனச் சிலர் நகைக்கலாம். வீட்டில் சிறிதாகத் தோன்றும் பொருளில்தான் நம் நேர்மை முதற்கண் சோதிக்கப்படுகிறது என்பது நம் கருத்து.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கடைத்தெருவில் நடந்தால், உள்ளங்கையில் அடங்கும் ஆட்டக் கருவிகளைக் காணலாம். '400 ஆட்டங்கள்' என அட்டையில் பொறித்திருப்பர். விலையோ சில நூறு ரூபாய். உள்ளே இருப்பவை யாவை? 1983-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பேமிகாம் என்னும் கருவிக்காக எழுதப்பட்ட பழைய ஆட்டங்களே பெரும்பாலும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவும் அவற்றுள் இருக்கும். அன்று ஒரு பெட்டி செய்த வேலையை இன்று நகமளவுச் சில்லு ஒன்று செய்துவிடுகிறது. கருவிக்குரிய காப்புரிமை 20 ஆண்டுகளில் முடியும். ஆட்டத்தின் பதிப்புரிமையோ அதனினும் நெடுங்காலம் நிற்பது. ஆதலின் பழைய கருவியைப் போல ஒன்று செய்வது வேறு. ஆக்கியோர் இசைவின்றி ஆட்டத்தைப் படியெடுத்து விற்பது வேறு. பின்னதே களவு.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. 1990-களின் நடுவில், தொலைக்காட்சியோடு இணைக்கும் நகல் கருவி ஒன்றை மகனுக்கு வாங்கித் தந்தோம். அதில் செருகும் ஆட்டப் பெட்டியை நம் வீடுகளில் 'கேசட்' என்றே சொல்வோம். கிராண்ட் ரோடு நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் '9999 ஆட்டங்கள்' என எழுதிய கேசட் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினோம். ரயிலில் வீடு திரும்பும்வரை மகன் அதனைக் கையை விட்டு இறக்கவில்லை. அன்றிரவு ஒவ்வொன்றாய் ஆடிப் பார்த்தான். முப்பதுக்கும் குறைவான ஆட்டங்களே பெயர் மாறி மாறி வந்தன. 'அப்பா, நம்மை ஏமாற்றிவிட்டார்களே!' என வருந்தினான். கடைக்காரர் நம்மை ஏமாற்றியது அவனுக்குத் தெரிந்தது. அவரும் நாமும் சேர்ந்து ஆக்கியோரை ஏமாற்றியது அவனுக்கும் தெரியவில்லை. அன்று நமக்கும் தோன்றவில்லை.

அக்காலத்தில் மூல ஆட்டம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் மாதச் சம்பளக்காரர் வாங்கும் விலையில் இல்லை. நகல் வாயிலாகவே எளியவர் வீட்டுப் பிள்ளை ஆட்டத்தைக் கண்டான். அக்கருவியைப் பிரித்துப் பழுது பார்த்தே தொழில் கற்றவர்களும் உண்டு. இவ்வுண்மையை மறைப்பது நேர்மையன்று. ஆயினும், செய்த காரணத்தை அது விளக்குமேயன்றிச் செயலை நியாயமாக்காது.

பின்னர்க் களவு நுட்பமாயிற்று. 2004-இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 'ஆர்4' என்னும் அட்டை தோன்றியது. மெமரி கார்டில் ஆட்டங்களை ஏற்றி அதனுள் செருகினால் போதும். அதே ஆண்டு பிறந்த சோனி பிஎஸ்பி கருவியிலோ, இயக்க நிரலையே மாற்றி, வட்டில் விற்ற ஆட்டத்தை மெமரி கார்டிலிருந்து ஓடச் செய்தனர். 2009 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஆர்4 விற்பனைக்குத் தடை விதித்தது. 2022-இல், ஸ்விட்ச் கருவியின் பூட்டைத் திறக்கும் சாதனங்களை விற்ற குழுவைச் சேர்ந்த ஒருவர்க்கு அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது! படியெடுத்து விற்போர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. களவுப் படி என அறிந்தே கணினியில் பயன்படுத்துவோர்க்கும் தண்டனை கூறப்பட்டுள்ளது.

சட்டத்தினும் நெஞ்சுக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. தாராவியில் தோற்பை தைக்கும் நம் உறவினரைக் கேளுங்கள். புதிய வடிவம் ஒன்று கைவரப் பல நாள் உழைப்பும் தோலும் வீணாகும். அது விலைபோகத் தொடங்கியதும், அதன் நகல் பாதி விலையில் பக்கத்துத் தெருவில் தொங்கும். அன்று நம் வயிறு எரிகின்றதன்றோ? ஆட்டம் செய்வோர் வயிறும் அவ்வாறே எரியும். அவர்கள் அயல்நாட்டார் மட்டும் அல்லர். புனே நகரத்து இளைஞர் குழு ஒன்று, 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று தோற்றும் தளராது, 'ராஜி' என்னும் ஆட்டத்தை 2020-இல் ஸ்விட்ச் கருவியில் வெளியிட்டது. இன்று நம் குடியிருப்புப் பிள்ளைகளும் இத்தொழிலில் சேர விரும்புகின்றனர். அவர்கள் நாளை உண்ணப்போகும் சோற்றில் நாமே மண்ணள்ளிப் போடலாமா?

'அரிய படைப்பு அனைவர்க்கும் பொதுவாதல் நன்றன்றோ?' என வினவலாம். நன்றே. பாரதியார் பாடல்கள் அவ்வாறு பொதுவாயின. ஆனால் எவ்வாறு? 1949-இல் சென்னை அரசு அவற்றின் உரிமையை முறைப்படி பெற்று, பின்னர் மக்களுக்கு வழங்கியது. உரியவரை மதித்துப் பொதுவாக்குவதே நம் மரபு.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்க நூலகத்தில் புத்தக அலமாரியின் அருகே ஓர் ஆட்டக் கருவியும் சில மூல ஆட்டங்களும் வாங்கி வைப்போம். கட்டணம் இன்றிப் பிள்ளைகள் முறைவைத்து ஆடட்டும். ஒரு கேசட்டைப் பத்துப் பேர் மாறி மாறி ஆடுவது படியெடுத்தல் ஆகாது. அதற்கு முதல் நன்கொடையாக, அன்று அந்தக் கேசட்டுக்குக் கொடுத்த தொகையினும் பன்மடங்கு நாம் தருகின்றோம். பழைய கடன் ஒன்று தீரட்டும்.

வாழ்க சங்கம்! வளர்க தமிழ்! வணக்கம்.