பரிணாமம் என்னும் ஒரு சொல்
(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



டார்வின் 1859ஆம் ஆண்டில் நூலெழுதிக் கூறிய பரிணாமத்தை, மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் புல் முதல் தேவர் ஈறாகப் பிறவிகளை அடுக்கி முன்னரே அருளிவிட்டார் என்று மேடைகளிற் பேசக் கேட்கின்றோம். கைதட்டலும் எழுகின்றது. அடிகளுக்குப் பெருமை தேடும் ஆர்வம் போற்றத்தக்கதே, கூற்றுப் பொருந்தாது. வாழப்பாடியினின்று கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் உயிரியல் கற்றுத் திரும்பி, இரண்டும் வேறெனக் காணுங்கால் திருவாசகத்தின் மீதே ஐயங்கொள்வர். அதற்கு நாமே காரணமாகலாமோ?

டார்வின் பேசியது உடல்வழி. ஓர் ஈற்றுக் குட்டிகளும் ஒன்றுபோல் இரா. சூழலுக்கு ஏற்றவை மிகுதியும் பிழைத்துப் பெருகும். எண்ணற்ற தலைமுறைகளில் இனமே வேறாகும். உழவர் நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைப்பது போல்வதனை இயற்கை தானே செய்கின்றது என்க. அவரும் வளர்ப்புப் புறாக்களை ஆராய்ந்தே நூலைத் தொடங்கினார். இதில் உயர்நிலை எய்துதல் என்னும் குறிக்கோள் இல்லை. இருட்குகை மீன் கண்ணிழந்ததும் பரிணாமமே. ஈழத்துப் பாடநூல்கள் இதனைக் 'கூர்ப்பு' என வழங்கும். தொல்காப்பிய உரியியலிலோ அச்சொல் உள்ளது மிகுதலைக் குறிப்பது. ஆதலின் அதுவும் முற்றப் பொருந்துவதன்று.

அடிகள் பேசியது உயிர்வழி. புல்லினம் மரவினமாயிற்று என்பதன்று. ஓருயிர் வினைக்கீடாக ஓருடல் விட்டு வேறுடல் புகுகின்றது என்பது. மனிதராய்ப் பிறந்தார் மீண்டும் விலங்காதலும் உண்டு. இதனை அளக்க அறிவியலாரிடம் கருவியில்லை, மறுக்கவும் இல்லை.

சாத்திரங்களில் வரும் பரிணாமம் மூன்றாவது. பால் தயிராதல் போலக் காரணம் காரியமாகத் திரிதல் அது. இறைவனே உலகாகத் திரிந்தான் என்ற நிமித்தகாரண பரிணாமவாதத்தை உமாபதிசிவம் 1313ஆம் ஆண்டிலேயே சங்கற்ப நிராகரணத்தில் மறுத்தார். குடத்துக்கு மண் முதற்காரணம்; குயவன் நிமித்தகாரணன்; குயவன் மண்ணாதல் இல்லை. உலகுக்கு மாயையும் இறைவனும் அவ்வாறே.

இனி, டார்வின் சொன்னமையாற் கடவுள் இல்லை என்பாரும் உளர். மண் திரிந்த முறையைச் சொன்னதனாற் குயவன் இல்லையென்று ஆகாது. உண்டென்றும் அதனாலேயே நிறுவியதாகாது. அதற்குச் சிவஞானபோத முதற்சூத்திரத்தை முறையாகப் பாடங்கேட்டல் வேண்டும். மண்டலபூசை நாட்பத்தெட்டு நாளும் மாலையில் அப்பாடம் நடைபெற அறங்காவலர் ஏற்பாடு செய்வாராயின், கல்லூரிப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அடியேனும் வந்து அமர்வேன்.