இரண்டு பருவத்துக்கு ஒரு பயணம்

 

மார்கழி பிறந்துவிட்டால் நம் திருச்சுழிப் பக்கத்தில் ஒரு பேச்சுக் கிளம்பும். காட்டில் மிளகாயும் மல்லியும் நிற்கின்றன. பறிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு. "நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிச்சு ஊட்டி போயிட்டு, திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் பிள்ளைகளைத் தண்ணியில் ஆடவிட்டுக் கூட்டியாந்தா என்ன?" என்று யாராவது ஒருவர் தொடங்குவார். நல்ல யோசனைதான். வருஷம் பூராவும் கரிசலில் உழைக்கிற குடும்பம் நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வரவேண்டியதுதான். நான் அதைத் தடுக்க வரவில்லை. பையில் என்ன வைப்பது, அதை யார் வைப்பது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நமக்குக் குளிர் என்றால் என்ன? விடியற்காலைப் பனி. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் ஆயிற்று. எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். அதனால் குளிரைப் பற்றி நமக்குப் பயமே கிடையாது. ஆனால் ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும். மார்கழி, தை மாதங்களில் அங்கே சில இரவுகளில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அதே மலையின் அடிவாரத்தில்தான் மேட்டுப்பாளையமும் 'பிளாக் தண்டர்' நீர் விளையாட்டுப் பூங்காவும் இருக்கின்றன. அங்கே பகலில் நம் ஊரைப்போலவே வெயில் அடிக்கும். காலையில் பல் கிட்டும் குளிர், மதியம் வேர்வை. ஒரே பயணத்தில் இரண்டு பருவம். நம் ஆட்கள் எடுத்துப்போவதோ ஒரே பருவத்துக்கான துணி.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1999-ஆம் வருஷம். பொது சுகாதாரப் பட்டயம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்த பெண் எட்டு மாதக் கைக்குழந்தை. மலைக்குக் கிளம்பினோம். "என்னங்க, பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் குல்லாவும் வாங்குவமா?" என்று என் மனைவி கேட்டாள். "மூணு நாளைக்கு எதுக்குக் காசு? துண்டு இருக்குல்ல" என்றேன். மலைப்பாதை வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தது. சட்டை நனைந்துவிட்டது. மாற்றுத்துணி எல்லாம் வேனின் மேலே தார்ப்பாயில் கட்டிக் கிடந்தது. "மேலே போய் மாத்திக்கலாம்" என்று சொன்னவனும் நான்தான். மேலே போய் இறங்கும்போது பிள்ளையின் பாதம் சில்லிட்டிருந்தது. அழவில்லை. பால் குடிக்கவும் இல்லை. துவண்டு கிடந்தது.

வேன் ஓட்டுநர் தம் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார். என் மனைவி ஈரச்சட்டையை உருவிவிட்டு, பிள்ளையைத் தன் வெற்று மார்போடு அணைத்து, முன்பின் தெரியாத ஒரு அம்மா கொடுத்த சால்வையால் இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெடுநேரம் கழித்துப் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பிள்ளையைக் காப்பாற்றியது என் பட்டயம் அல்ல, அவள் உடம்புச் சூடுதான்.

கைக்குழந்தை ஏன் சீக்கிரம் குளிர்ந்துபோகிறது? எடைக்குப் பார்த்தால் அதற்குத் தோல் பரப்பு அதிகம். உடம்புச் சூடு வேகமாக வெளியேறிவிடும். துணி ஈரமாக இருந்தால் இன்னும் வேகம். ஆகவே பை கட்டும்போது வீட்டிலேயே சின்ன உடம்பு எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். நம் வேட்டி சேலை கடைசியில் இருக்கட்டும்.

சாமான்களை மூன்று பையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கைப்பை. இது வேனின் மேலே ஏறக்கூடாது, மடியிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செட் மாற்றுத்துணி, குல்லா, வாந்தி வந்தால் பிடிக்க உறை, ஒரு பழைய துண்டு. வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சொந்தப் பாத்திரம் இருந்தால் சங்கடம் இல்லை. நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கக்கூடாது. பெரியவர்களின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், டாக்டர் சீட்டு. பிள்ளையின் தடுப்பூசி அட்டை. கர்ப்பிணி போவதாக இருந்தால் முதலில் செவிலியரைக் கேளுங்கள். போகலாம் என்றால் அவருடைய அட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும் இந்தப் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது, மலைப்பை. தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டை இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது மேல். இடையில் நிற்கும் காற்று சூட்டைப் பிடித்து வைக்கும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காது மூடும் குல்லா, காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, போர்வை. புதுசுதான் வேண்டும் என்பதில்லை. மதினி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஸ்வெட்டர் இருந்தால் கேட்டு வாங்கிப் போங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் சீமைக்கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற ஊர். "ரெண்டு கிலோ கரி எடுத்துக்கிட்டா ரூமில் கணப்பு போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். மூட்டத்தைத் திறந்த வெளியில் போடுகிறோம், அறைக்குள் போடுவதில்லை அல்லவா?

மூன்றாவது, தண்ணீர்ப்பை. பல பூங்காக்களில் சறுக்கு விளையாட்டுக்குச் சேலை, பருத்தித் துணியோடு விடமாட்டார்கள். நைலான் உடைதான் கேட்பார்கள். வாடகைக்கும் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று சொந்தமாக இருந்தால் சுத்தம். துண்டு, ரப்பர் செருப்பு, நனைந்த துணி போட ஒரு உறை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கொப்பளித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. கர்ப்பிணிகள், இருதய நோய், வலிப்பு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சறுக்கிலும் ராட்டினத்திலும் ஏற வேண்டாம். பிள்ளை முழங்கால் அளவுத் தண்ணீரில் இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் பார்க்க வேண்டிய நேரம் எது, நான் பார்க்க வேண்டிய நேரம் எது என்று கணவனும் மனைவியும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரில் ஆடிவிட்டு அன்று சாயங்காலமே மலை ஏறுவதாக இருந்தால், பிள்ளைகளைத் துவட்டி, தலையைக் காயவைத்து, உலர்ந்த துணி மாற்றிவிட்டுத்தான் வேனில் ஏற்ற வேண்டும். முடிந்தால் முதலில் மலை, அப்புறம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தம்பதிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. குல்லாவை மறந்தால் கடையில் வாங்கலாம். மாலா-என் மாத்திரையை மறந்தால்? தினம் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. பயணத்தில் ராத்திரி எது, பகல் எது என்று தெரியாமல் விட்டுப்போகும். ஒரு நாள் விட்டால் நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஏழு நாள் நிரோத்தும் உபயோகியுங்கள். ஊர் வந்ததும் செவிலியரைப் பாருங்கள். மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் மலைப்பாதையில் வாந்தி வந்துவிட்டால், அந்த மாத்திரை கணக்கில் இல்லை. இன்னொன்று சாப்பிட வேண்டும். அதற்காகக் கூடுதலாக ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தேதி பயணத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிரோத்தைக் கைப்பையில் வைக்கிற பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். மாலா-என்னும் நிரோத்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

அங்கே போனபின் பிள்ளைக்குச் சளி பிடித்தால் மூச்சை எண்ணிப் பாருங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, ஊர் பார்ப்பதை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கடையில் இருமல் மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் ஆண்கள் வேனுக்கு முன்பணம் கொடுப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பை கட்டுவது பெண்கள் வேலை. ஏதாவது மறந்துபோனால், "இதைக்கூட எடுத்து வைக்கலையா?" என்று கேட்பதற்கு மட்டும் நாம் முதல் ஆள். நானும் அப்படி இருந்தவன்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரித்து, மூன்று பையையும் நடுவில் வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். அவள் ஒன்று கேட்டால், "எதுக்கு?" என்பதற்கு முன்னால், "ஏன் கேக்கிறே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1999-இல் நான் கேட்கத் தவறிய வார்த்தை அது.

நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள்.