மருந்து இருந்தால் மட்டும் போதுமா?



அமெரிக்கா பணக்கார நாடு, அங்கே வைத்தியத்துக்கு என்ன குறைச்சல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நாட்டில் எச்.ஐ.வி. கிருமி தொற்றிய ஏழைத் தாய்மார்களின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தக் கிருமி தொட்டால் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உடலுறவாலும், இரத்தத்தாலும், ஊசியாலும், தாயிடமிருந்து சிசுவுக்கும் பரவும். இதை அறியாமல், இண்டியானா மாநிலத்தில் ரையன் ஒயிட் என்ற சிறுவனை 1985-ல் பள்ளிக்கூடத்துக்கு வரவிடாமல் தடுத்தார்கள். அவன் செய்த குற்றம் என்ன? இரத்தம் உறையாத வியாதிக்கு அவனுக்குச் செலுத்திய மருந்திலேயே கிருமி இருந்தது! 1990 ஏப்ரலில், 18 வயதில் அவன் இறந்தான். அதே ஆகஸ்டில் அவன் பெயரால் ஏழை நோயாளிகளுக்கு உதவும் சட்டம் வந்தது.

சட்டம் தானாக வந்ததா? இல்லை. 1987-ல் முதல் மருந்து ஏ.இசட்.டி. விற்பனைக்கு வந்தபோது, ஒரு வருஷத்துக்கு ஆன விலை சுமார் 10,000 டாலர்! நோயாளிகள் தெருவில் இறங்கினார்கள். 1989 செப்டம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து மறியல் செய்தார்கள். சில நாட்களில் கம்பெனி விலையை 20 சதவீதம் குறைத்தது.

பெண்கள் பாடு இன்னும் மோசம். எது எய்ட்ஸ் நோய் என்று சொல்லும் சர்க்கார் பட்டியலில், கருப்பைவாய்ப் புற்றுநோய் 1993-ல்தான் சேர்ந்தது. அதுவரை உதவித்தொகை கேட்டுப் போன பெண்கள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். பட்டியலில் சேர்க்கவும் போராட்டம் வேண்டியிருந்தது.

1994-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. மருந்து சாப்பிடாத தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்குத் தொற்றிய கிருமி, ஏ.இசட்.டி. கொடுத்தபின் 8 பேருக்கே தொற்றியது. இன்றைய மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றில் ஒன்றுக்கும் கீழே!

ஆனால் அந்தத் தாய் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவாள்? ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? இந்தக் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதற்காகவே அந்தச் சட்டத்தில் 'டி' பகுதி மான்யம் இருக்கிறது. பெண்கள், சிசுக்கள், குழந்தைகள், வாலிபர் ஆகியோருக்கு, குடும்பத்தோடு சேர்த்து வைத்தியம் செய்யும் நிலையங்களுக்கு அது போகிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியைத் தேடிப்போய்க் கவனிக்கும் ஊழியர், போக்குவரத்து, குழந்தைக் காப்பு ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. நிர்வாகச் செலவு நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி.

தொகை பெரிதல்ல. 2015-ல் சட்டத்தின் முழுச் செலவு 230 கோடி டாலருக்கு மேல். 'டி' பகுதிக்கு சுமார் 7.5 கோடி. அதையும் தனியாக வைக்காமல் வேறு பகுதியோடு கரைத்துவிட 2014-ல் ஜனாதிபதியின் பட்ஜெட் யோசனை சொன்னது. தாய்மார்களுக்காகப் பாடுபடும் சங்கங்கள் எதிர்த்தன. அமெரிக்கச் சட்டசபை அந்த யோசனையை ஏற்கவில்லை.

தோழர்களே! மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏழைத் தாயின் கைக்குப் போய்ச் சேருவது மறுபாதி. அந்த மறுபாதிக்கு ஆகும் பணம் ஒருமுறை வாங்கி மடியில் முடிந்துகொள்ளும் காசல்ல. வருஷா வருஷம் பட்ஜெட்டில் கேட்டு வாங்கவேண்டும், பறிபோகாமல் காக்கவேண்டும்!