மார்கழி இருளில் எமது முதியோர்

(இக்காஸ்ட் நகரில் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நத்தார் விடுமுறை நெருங்கும் இவ்வேளையில், எமது வீடுகளிலுள்ள முதியோரின் மனச்சோர்வு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். மனச்சோர்வு என நான் குறிப்பிடுவது ஒருநாட் கவலையை அன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தோ எதிலும் நாட்டமற்றோ இருந்து, நித்திரையையும் பசியையும் நினைவாற்றலையும் குலைக்கின்ற நோயையே குறிப்பிடுகின்றேன். இது முதுமையின் இயல்பு அன்று. மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் குணமாகக் கூடியது. எமது சமூகத்திலோ "வயது போனால் அப்படித்தான்" என்ற ஒரு சொல்லுடன் அது மூடப்பட்டுவிடுகிறது.

யார் இந்த முதியோர்? 1983இன் பின்னர் தாயகத்தை விட்டு வந்து, இக்காஸ்ட், ஹேர்னிங் பகுதிகளின் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டார்கள். இளையோரே, நீங்கள் டேனிஷ் வரலாற்றில் "தமிழர் வழக்கு" என்று படித்திருப்பீர்கள். 1987 முதல் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நீதியமைச்சர் எரிக் நின் ஹான்சன் சட்டத்திற்கு மாறாக முடக்கினார். அதன் விளைவாக 1993 சனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. பாடநூலில் அது ஓர் அரசியல் நிகழ்வு. போர் நடந்த மண்ணிற் கைக்குழந்தையுடன் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த பெண்கள் சிலருக்கோ அது வாழ்வின் ஒரு பகுதி. அவர்களுள் ஒருவர் உங்கள் அம்மம்மாவாகவும் இருக்கலாம், நீங்கள் கேட்டதுண்டா? அறுபது வயதைக் கடந்த பெற்றோரை அழைக்கும் உரிமையும் 2002இல் நீக்கப்பட்டது. ஆகவே, தம் தாய் தந்தையரின் மரணச் செய்தியைத் தொலைபேசியிற் கேட்டவர்களே இன்று எம்மிடையே முதுமை எய்தியுள்ளனர்.

இவர்களுக்கு ஆண்டின் இறுதி வாரங்கள் கனமானவை. நவம்பர் 27 மாவீரர் நாள். அதனையடுத்து, பகற்பொழுது ஏழு மணி நேரமாகச் சுருங்கிவிடும் இருண்ட மாதம். நத்தாருக்கு மறுநாள் டிசம்பர் 26, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நினைவு. எம்மிற் கத்தோலிக்கர் நள்ளிரவுத் திருப்பலியிலாவது ஒன்றுகூடுவர். ஏனையோரின் வீடுகளிற் பிள்ளைகள் வேலைத்தல விருந்துக்கும் நண்பர் வீட்டுக்கும் சென்றுவிட, ஊரே விளக்கேற்றிக் கொண்டாடும் மாலையில் முதியவர் தொலைக்காட்சியின் முன் தனித்திருப்பார். "நத்தார் எங்களுடையதன்று" எனலாம். ஊரெல்லாம் கூடியிருக்க நாம் மட்டும் தனித்திருப்பது எவருக்கும் வலிக்கும்.

எமது முதியோர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் உளையுது", "நித்திரை இல்லை", "ஒரே யோசனை" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் எம்மக்களின் மனத்தில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். மனத்துயர் உடல்நோவாக வெளிப்படுவதை அவரது எழுத்துக்கள் எடுத்துக்காட்டுகின்றன. இங்குள்ள வைத்தியருக்கு இச்சொற்களின் பொருள் எட்டாதபோது, நோவுக்கு மாத்திரை மட்டும் கிடைக்கிறது.

இங்கேதான் நான் கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லாதீர்கள். "சாகவேண்டும் போலிருக்கிறது" என்று பேத்தியின் முகத்தைப் பார்த்து எந்த அம்மம்மா சொல்வார்? சொன்னாலும், அந்தச் சுமையை அப்பிள்ளை எங்கே இறக்கி வைக்கும்? மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர்கள் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்தவேண்டுமென 2018 யூலையில் சட்டம் வந்தது. அதனாற் பலர் தயங்குகிறார்கள். முதுமறதி போன்ற நோயினால் டேனிஷ் மொழியைப் பயன்படுத்தும் திறனை இழந்தவருக்கு அச்சட்டம் விலக்கும் அளித்தது. அதனை மதிப்பிடுபவர் வைத்தியரே. நேரம் பெறும்போதே இதனைக் கேட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறிவிடுங்கள். கட்டணம் செலுத்த நேர்ந்தாலும், நாம் ஒரு பிறந்தநாள் விழாவிற்குச் செலவிடுவதை எண்ணிப் பாருங்கள்!

தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு என்பனவும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். கருநிறத் தோலுடையோரும் எழுபது வயதைக் கடந்தோரும் விற்றமின் டி உட்கொள்ளுமாறு டேனிஷ் சுகாதார சபை பரிந்துரைக்கிறது. எமது முதியோர் இரண்டு வகையிலும் அடங்குவர். மனச்சோர்வுக்கு மருந்து தரப்பட்டால், பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். "ஒரு கிழமை போட்டேன், சுகமில்லை" என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது யாது? "நீங்கள் சும்மா இருங்கோ அம்மா, நாங்கள் பார்க்கிறோம்" என்பதை அன்பென்று எண்ணுகின்றோம். அவர்களிடம் எஞ்சியிருந்த வேலையையும் அது பறித்துவிடுகிறது. நேரம் குறித்து, மனத்துக்கு உகந்த செயல்களைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்கச் செய்வது மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்று. எமது மரபிலோ அதற்கு வாய்ப்பான காலம் இதுவே. கார்த்திகைப் பூரணையின் மறுநாள் தொடங்கி மார்கழிச் சஷ்டி வரை இருபத்தொரு நாட்கள் பிள்ளையார் கதை படிப்பது ஊர் வழக்கம். அந்நாட்களில் மாலைதோறும் அரைமணி நேரம் அம்மம்மா படிக்க, பேரப்பிள்ளைகள் அருகிருந்து கேட்கட்டும். அவர்களுக்கு முழுவதும் விளங்காது. பரவாயில்லை, விளங்காததைக் கேட்கட்டும். திருவெம்பாவைக் காலத்தில் ஹேர்னிங் சித்தி விநாயகர் ஆலயத்திற்கோ பிராண்டே அபிராமி அம்மன் ஆலயத்திற்கோ அழைத்துச் செல்ல ஒரு காரும் ஓர் இளைஞரும் போதும். வெளிச்சம் இருக்கும் நண்பகலில் இருபது நிமிடம் கூட நடந்து வாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்தாமல் மறுநாளும் கேளுங்கள்.

இறுதியாக, பேசத் தயங்கும் ஒன்று. "நான் இருந்து என்ன பயன்", "உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு வந்தால் அதட்டாதீர்கள். "சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. உள்ளே இருப்பதே வெளியே வருகிறது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளை அப்புறப்படுத்தி அன்றே வைத்தியரை அழையுங்கள். உடனடி ஆபத்தாயின் 112. டேனிஷ் மொழியிற் பேசக்கூடிய பிள்ளைகள் ஆலோசனை பெற, லிவ்ஸ்லீனியன் என்னும் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவையின் இலக்கம் 70 201 201. இதனைக் கைத்தொலைபேசியில் இப்பொழுதே பதிந்துகொள்ளுங்கள்.

நத்தாரையொட்டிக் குடும்ப வைத்தியர்கள் பலர் சில நாட்கள் மூடிவிடுவார்கள். யாருடைய வீட்டிலேனும் ஐயம் இருப்பின், நாளை காலை எட்டு மணிக்கே தொலைபேசியெடுத்து நேரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.